ரெண்டாவது பாகத்த அனுப்பி வை

பாப்பா,

இத லெட்டரா நெனச்சு ஞாயித்துக்கெழம உக்காந்து படி, மெட்ரோல போய்கிட்டே தள்ளித் தள்ளிப் பாக்காத. போன்ல சொன்னா நீ சிரிச்சிடுவ, அதான் எழுதுறேன்.

ஆகஸ்ட்ல கெளம்பறப்ப உம் புள்ள கட்டிலுக்கு அடில ஒரு புஸ்தகத்த விட்டுட்டுப் போனான் பாரு, அட்டைல கோட்டையும் அதுக்கு மேல ரெக்கை வச்ச பாம்பும் போட்ட பிரெஞ்சு மந்திரவாதி கதை. பார்சல் போடலாம்னு பாத்தா அனுப்புற காசுல புதுசே வாங்கிடலாம் போல, சரின்னு டிவி மேல வச்சிட்டேன். அப்பறம் ஒரு நாள் சாயந்தரம் கரண்ட் போச்சு (34 வருஷம் லைன்மேனா இருந்துட்டு இப்ப யாரத் திட்டுறது), ஜன்னல் பக்கம் உக்காந்து சும்மா பிரிச்சேன்.

மொத பக்கத்துலயே பதினேழு வார்த்தை தெரியல. எண்ணினேன். நான் பத்தாவது வரைக்கும் பிரெஞ்சு எடுத்தவன்தான், ஆனா எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்ததெல்லாம் இது என் பேனா, அது ஜன்னல், இவ்ளோதான். இந்த மந்திரவாதி கைல பேனாவும் இல்ல, அவன அடைச்சி வச்சிருந்த எடத்துல ஜன்னலும் இல்ல.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒரு பழைய டிக்ஷனரி வாங்கினேன், அட்டை இல்லாதது, 60 ரூவா. ஒவ்வொரு வார்த்தையா பாத்துப் பாத்துப் படிச்சேன், மூணாவது பக்கம் வர்றதுக்குள்ள மொத பக்கத்துல யார் யார அடிச்சான்னே மறந்து போச்சு. உங்கம்மா சொன்னா, என்னாங்க இது பரிச்சைக்குப் படிக்கற மாதிரி மூஞ்ச வச்சிருக்கீங்கன்னு. அப்பதான் தோணிச்சு, லைன்ல ஃபால்ட்டுன்னா நாங்க கம்பம் கம்பமா ஏறிப் பாக்க மாட்டோமே. கம்பத்து மேல இருக்கற ஏபி சுவிட்ச்ச தொறந்து லைன பாதியா பிரிச்சு, எந்தப் பக்கம் கரண்ட் தாங்குது எந்தப் பக்கம் ட்ரிப் ஆவுதுன்னு பாத்துட்டு அந்தத் துண்டுல மட்டும்தான் ஆள ஏத்துவோம். அதே மாதிரி செஞ்சேன். வார்த்தை தெரியலன்னாலும் கதை ஓடுதா, தொடாத. அதே வார்த்தை மூணாவது தடவ வந்தா பென்சில்ல ஒரு கோடு. கதையே நின்னு போச்சுன்னா மட்டும் டிக்ஷனரி. இப்படி தெனம் நாலு பக்கம், காலைல பீச் ரோட்டுல வண்டி விடறதுக்கு முன்னாடி, ஏழு ஏழரைக்குள்ள.

மந்திரவாதி கதைல ஒரு வசதி என்னன்னா, ஊரே ஒரு கோட்டைக்குள்ள இருக்கறதால திரும்பத் திரும்ப அதே சாமான்தான் வருது. "தூவ்"னு ஒரு வார்த்தை, மொத அத்தியாயத்துல பத்து தடவைக்கு மேல. ஒருத்தன் அதுல விழறான், தண்ணி, அதுக்கு மேல பாலம், ராத்திரில பாலத்தத் தூக்கிடறாங்க. டிக்ஷனரிய தொடவே இல்ல, அகழின்னு தானா புரிஞ்சிடுச்சு. தானா புரிஞ்ச வார்த்தை மறக்கவே மாட்டேங்குது பாப்பா, தேடிப் பாத்து நோட்டுல எழுதினது பாதி பறந்து போச்சு.

ஆனா நல்லா ஏமாந்ததும் உண்டு. "தோன்ஜோன்"னு வந்துது. இங்கிலீஷ்ல டன்ஜன்னா பாதாளச் சிறை, அதுதானேன்னு ராஜா பொண்ண நாலு அத்தியாயம் பாதாளத்துலயே வச்சிருந்தேன். அஞ்சாவது அத்தியாயத்துல அவ அங்க நின்னு கடலப் பாக்கறா. பாதாளத்துலேந்து கடல் எப்படித் தெரியும்? பாத்தா, பிரெஞ்சுல அது கோட்டைக்கு நடுவுல இருக்கற பெரிய கோபுரம். இங்கிலீஷ்காரன் அதே வார்த்தைய எடுத்துட்டுப் போய் தரைக்குக் கீழ போட்டுட்டான். பிரெஞ்சுக்காரன் கீழ இருக்கற குழிக்கு வச்ச பேரு "ஊப்லியெத்", மறக்கறதுங்கற வார்த்தைலேந்து வந்தது, ஆளப் போட்டுட்டு மறந்துடற எடம். உங்கம்மா கேட்டுட்டு, அப்ப நம்ம வீட்டுப் பரணான்னா.

"கிரிம்வார்"னா மந்திரப் புஸ்தகம். அது எங்கேந்து வந்துது தெரியுமா, கிராமர்லேந்து. அந்தக் காலத்துல லத்தீன் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு கிராமர் புக்கே மந்திரமாத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கு பத்தாவதுல அப்படித்தான் இருந்துது.

கோட்டைச் செவருக்கு "ரம்பார்". அதுக்கு அர்த்தம் போட்ட எடத்துல புல்வார்னும் ஒன்னு போட்டிருந்துது, என்னடா நம்ம பாண்டிச்சேரி புல்வார் ரோடான்னு அதையும் பாத்தேன். புல்வாருங்கறது மொதல்ல ரோட்டுக்கே பேரு இல்லியாம், கோட்டை மதிலுக்குத்தான் பேரு, மதில இடிச்சிட்டு அந்த எடத்துல ரோடு போட்டதால ரோட்டுக்கு அதே பேரு நின்னுடுச்சு. நம்ம ஊர்லயும் அதே கதைதானே, 1761ல இங்கிலீஷ்காரன் புடிச்சு மதில இடிச்சான், அந்த மதில் இருந்த வரிசைலதான் இப்ப முட்டை மாதிரி சுத்திகிட்டுப் போற ரோடு. வழுதாவூர் வாசல்னு, அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன்கிட்ட துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை டைரில எல்லாம் வருமே, அந்த மதில்தான். நான் அந்த ரோட்டுல எத்தன கம்பத்துல ஏறி எறங்கியிருப்பேன், கோட்டை மேல நிக்கறேன்னு தெரியவே இல்ல பாரு.

ரெண்டு நாள் வீணாப் போன கதையும் கேளு. ஒரு வார்த்தை, ஏதோ மிருகம், எந்தப் பக்கத்துலயும் அர்த்தம் கெடைக்கல. ரோமன் ரோலண்ட் லைப்ரரிக்குப் போய் பெரிய டிக்ஷனரியெல்லாம் பொரட்டினேன். இங்கயே 1855ல பாதிரியார்ங்க ரெண்டு பேர் அச்சுப் போட்ட டிக்ஷனரி பத்தி அங்க சொன்னாங்க, ஆனா அது தமிழ்லேந்து பிரெஞ்சுக்கு, எனக்கு வேண்டியது தலைகீழ். கடைசில உம் புள்ளையக் கேட்டா, தாத்தா அது எழுதினவங்க சொந்தமா வச்ச பேரு, எங்கயும் இருக்காதுன்னான். இப்படி ஒரு ஆபத்து இந்த மாதிரி கதைல இருக்கு, யாரும் சொல்லல.

அப்பறம் "வி". ராஜா "வி", ராஜா "வி"ன்னு வந்துகிட்டே இருக்கு. எனக்குத் தெரிஞ்சு "இல் வி"ன்னா அவன் உயிரோட இருக்கான். மூணு பக்கம் முன்னாடிதான் ராஜாவ குத்தினாங்க, செத்தானா இல்லியான்னு ஒரே கொழப்பம். கடைசில பாத்தா அதே எழுத்து, அதே சத்தம், ஆனா பார்த்தான்னு அர்த்தம். கதைல மட்டும் எழுதற எறந்தகாலம் ஒன்னு வச்சிருக்காங்க, வாயால யாரும் பேச மாட்டாங்களாம். இது தெரியாம போன மாசம் போன்ல உம் புள்ளகிட்ட நேத்து ஸ்கூலுக்குப் போனியான்னு அந்த ஸ்டைல்ல கேட்டுட்டேன், அவன் விழுந்து விழுந்து சிரிக்கறான், தாத்தா ராஜா மாதிரி பேசறாருன்னு. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன், எவனாவது என்கிட்ட வந்து நீ உணவு உண்டனையோன்னு கேட்டா சும்மா விடுவேனா. எழுத ஒரு பாஷை பேச ஒரு பாஷைங்கறது நமக்கென்ன புதுசா.

இதுல எனக்கு ஒரு கோவமும் இருக்கு, சொல்லிடறேன். தோன்ஜோனுக்கு தமிழ்ல என்னான்னு உம் புள்ள கேட்டான், எனக்குத் தெரியல. தேடப் போய் ஞாயில்னு ஒரு வார்த்தை கெடைச்சுது, அது கோபுரம் இல்ல, மதில் மேல வில்லாளி மறைஞ்சு நிக்கற எடமாம். எவ்ளோ அழகா இருக்கு, அறுபத்தி நாலு வயசுல இப்பதான் கேள்விப்படறேன். சரி, எனக்கே இப்படின்னா அவனுக்கு? வீட்டுல தமிழ்ல பேசு பேசுன்னு நான் எத்தன தடவ சொன்னேன். நீ வேலை விட்டு களைப்பா வருவ, அவன் பிரெஞ்சுல கேட்பான், நீயும் அதுலயே சொல்லிடுவ, புரியுது. புரிஞ்சாலும் கோவம்தான். இப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம், ஞாயித்துக்கெழம போன்ல அவனுக்கு நான் ஒரு வார்த்தை, எனக்கு அவன் ஒன்னு. அவன் அகலிங்கறான். நான் தொண்டைலேந்து எடுக்கற ர சொன்னா அவன் காது பொத்திக்கறான்.

இதெல்லாம் கெடக்கட்டும். நான் எழுத ஒக்காந்ததே வேற ஒன்னுக்கு.

நீயும் மாப்பிள்ளையும் காரைக்கால் கல்யாணத்துக்குப் போனீங்கல்ல, அன்னிக்கி ராத்திரி உம் புள்ள எழுந்து வந்தான். பதினோரு மணி இருக்கும். ஏதோ கேட்டான். எனக்குப் புரியல. தண்ணி குடுத்தேன், இல்லன்னான். உங்கம்மா வாழைப்பழம் எடுத்தா, பாத்ரூம் லைட் போட்டா, ஃபேன கம்மி பண்ணினா. கையெல்லாம் ஆட்டிக் காட்டினான், எங்களுக்கு அப்பவும் வெளங்கல. கடைசில "லெஸ் தோம்பே"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துகிட்டான். அது அவன் கேட்ட சாமானோட பேருன்னு நெனச்சு நானும் உங்கம்மாவும் மறுநாள் பூரா லெஸ் தோம்பே லெஸ் தோம்பேன்னு சொல்லிப் பாத்தோம், கடைக்காரன்கிட்ட வேற கேட்டேன். உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துது.

புஸ்தகத்துல 318ஆம் பக்கம். சண்டைல தோத்தவன் கத்திய கீழ போடறான். "லெஸா தோம்பே". விழ விட்டான். பென்சில கீழ வச்சிட்டேன். அப்பறம் டிக்ஷனரில தனியா அந்த ரெண்டு வார்த்தையும் சேத்துப் பாத்தேன், பேச்சுல சொன்னா விடு, பரவால்லன்னு அர்த்தம் போட்டிருந்துது. அன்னிக்கி அவன் எதையும் கேக்கல, விடு தாத்தான்னு சொல்லிட்டுப் படுத்திருக்கான்.

உறை, கேடயம், அகழி, ஆளப் போட்டு மறக்கற குழி எல்லாத்துக்கும் எனக்கு பிரெஞ்சு தெரியும் இப்ப. சமையல் ரூம்ல இருக்கற ஒரு சாமானுக்கும் தெரியாது. அதனால ரெண்டாவது பாகத்தோட, சின்னப் பசங்க படிக்கற படம் போட்ட வீட்டுச் சாமான் புக் ஒன்னும் சேத்து அனுப்பு, ஊருக்கு வர்றவங்க யார்கிட்டயாவது குடுத்து விட்டா போதும். ராஜா செத்துட்டானா இல்லியான்னு மட்டும் அவன சொல்ல வேணாம்னு சொல்லிடு.

அப்பறம் அன்னிக்கி ராத்திரி என்ன கேட்டான்னு அவன்கிட்ட கேட்டு எழுது. மறந்திருப்பான், இருந்தாலும் கேளு.

அப்பா