சங்கத்தில் பங்கு வாங்கினால் மட்டும் போதாது

அனைவருக்கும் வணக்கம். "வியாபாரியும் காசுதானே தர்றார், விளைச்சலை விற்க நாமளே கூட்டுறவுச் சங்கம் நடத்தி ஊருக்கு என்ன லாபம்?" என்று நேற்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

வியாபாரியின் தராசு அவருடையது. சங்கத்தின் தராசு நம்முடையது. சந்தேகம் வந்தால் மூட்டையை இறக்கி மறுபடி வைக்கச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க முடியாது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் பால் உற்பத்தியாளர்கள் தொடங்கிய சங்கம்தான் பின்னாளில் அமுல் ஆனது. அங்கே பாலின் கொழுப்பை அளந்து பணம் கொடுத்தார்கள். ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் அதே அளவுகோல், அதே ஒரு ஓட்டு. நம் சங்கத்திலும் எடை போட, கணக்கெழுத, வண்டி ஓட்ட உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வேலை கிடைக்கும்.

ஆனால் வெளியே விலை ஏறிய அன்று அங்கே விற்றுவிட்டு, விழுந்த அன்று மட்டும் சங்கத்து வாசலில் மூட்டையை இறக்கினால் எந்தச் சங்கமும் நிற்காது. (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

பொதுக்கூட்டத்தில் வரவு செலவுப் புத்தகம் மேசைமேல் இருக்கும். கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாமல் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வயல்காட்டில் சரிபாதி உழைக்கும் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.