டச்சப் வேண்டாம் என்று சொன்னீர்களே

ஷிசுவோகா,
ஜூன் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் சொன்னால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. முப்பது வருஷம் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்ற காது வேறு எப்படி இருக்கும்? அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை பழகிவிட்டது. சோறுதான் இன்னும் பசைபோல ஒட்டுகிறது. இங்கே இப்போது மழைக்காலம், ‘ட்சுயு’ என்பார்கள். ஜூலை நடுவரை துணி காயாது.

உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்கிறேன். சனிக்கிழமையானால் உங்களைப் போல நானும் கார் பெயின்டர்தான். சிரிக்காதீர்கள், என் கார் ஒரு சாண் நீளம்கூட இல்லை. டாமியா என்ற பிளாஸ்டிக் மாடல் கம்பெனிக்கு இந்த ஊர்தான் சொந்த ஊர். மே மாதம் ட்வின் மெஸ்ஸே மண்டபத்தில் பெரிய கண்காட்சி நடக்கும். போய்ப் பார்த்தவன் சும்மா திரும்பவில்லை. 1969-இல் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் வகை, 24-இல் ஒரு பங்கு அளவு, ஒரு பெட்டி வாங்கி வந்தேன். ‘ஹகோசுகா’ என்று செல்லப்பெயர். ஹகோ என்றால் பெட்டி. நம் பத்மினி காரைப் போலச் சதுரமாகத்தான் இருக்கும். அதற்குச் சில்வர் அடித்தால்தான் அழகு.

பெயின்ட் அடிக்கும் கன் பேனா அளவு. அதன் முனைத் துளை, நாசில், 0.3 மில்லிமீட்டர். உங்கள் 1.4 கன்னைப் பிடித்த கைக்கு இது விளையாட்டுச் சாமான்.

முதல் கோட்டு பெயின்ட் நன்றாகத்தான் விழுந்தது. காய்வதற்குள் போனட்டில் எள் அளவுக்கு ஒரு நூல் ஒட்டிக்கொண்டது. ட்வீசரால் எடுத்தேன், பள்ளமானது. வாட்டர் பேப்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன், அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்தது. அங்கே மட்டும் கொஞ்சம் சில்வர் அடித்தேன். சுற்றிலும் கறுப்பு வளையம், அம்மைத் தழும்பு மாதிரி. ஜன்னல் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. திருப்பி டியூப்லைட்டில் காட்டினால் பளிச்சென்று தெரிகிறது.

அப்போதுதான் அந்தச் சில்வர் சான்ட்ரோ ஞாபகம் வந்தது. கதவில் விரல் நீளக் கீறல். முழுக் கதவுக்கும் அடித்தால்தான் ஆகும் என்றீர்கள். வந்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கீறல் இடத்தில் மட்டும் டச்சப் பண்ணி நாலு காசு பார்க்கத் தெரியாதா என்று உங்களிடம் கத்தினேன். நீங்கள் பதில் பேசவில்லை, கன்னைக் கழுவப் போய்விட்டீர்கள்.

சில்வரில் இருப்பது அலுமினியச் செதில். மீன் செதில்போலப் படுத்துக் கிடந்தால் ஒரே மினுக்கு. தேய்த்தால் மேல்செதில் வெட்டுப்படும். ஈரமாக அடித்தால் செதில்கள் நீந்திப் போய் ஓரத்தில் குவியும். அதுதான் அந்த வளையம். சின்ன வண்டியில் இன்னொரு தொல்லை: செதில் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் ஜல்லி கொட்டினாற்போல் தெரியும்.

இரண்டு நாள் காயவிட்டேன். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முழு போனட்டையும் சமமாக்கினேன். போனட்டின் விளிம்புக் கோட்டிலேயே சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, காற்றைக் குறைத்து, கன்னைத் தள்ளிப் பிடித்து, பனி இறங்குவதுபோல் நாலு தடவை. வளையம் மறைந்தது. ஆனால் போனட் ஒரு சில்வர், ஃபெண்டர் ஒரு சில்வர். கடைசியில் டேப்பையெல்லாம் பிரித்துவிட்டு முழு வண்டிக்கும் ஒரே மூச்சில் அடித்தேன். மேலே நிறமில்லாத கிளியர் போட்ட பிறகு விழுந்த தூசியைப் பயமில்லாமல் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டேன். விளிம்பில் மட்டும் ஒரு இடத்தில் பெயின்ட் ஓடிவிட்டது. எங்கே என்று சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள்.

இதற்கு முன்னால் ஒருமுறை முழு பாடியே வீணானது. மழை நாளில் அடித்து, ஐப்பசியில் நம் பட்டறையில் ஆகுமே, அப்படி வெள்ளை படர்ந்துவிட்டது. இங்கே அதற்கு ஒரு வழி உண்டு. பெட்ரோல் டாங்கில் தண்ணீர் நீக்க ஊற்றும் திரவம் சில நூறு யென்னுக்குக் கிடைக்கும், பெரும்பாலும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்தான். அதில் ஊறவைத்தால் பெயிண்ட் தோலாக உரிகிறது, பிளாஸ்டிக்குக் கேடில்லை. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

கீழ்வீட்டுத் தாத்தா தின்னர் வாசனைக்கு ஒருநாள் படியேறி வந்தார். ஃபேன் வைத்து ஜன்னல் வழியே குழாய் விட்டிருப்பதைக் காட்டி, காரையும் கையில் கொடுத்தேன். விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உங்களைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு. மறுநாள் கதவில் ஒரு தேயிலைப் பொட்டலம் தொங்கியது.

ஒன்று கேட்க வேண்டும். கடைசிக் கோட்டுக்குத் தின்னர் எவ்வளவு கூட்டுவீர்கள்? நீங்கள் கண்ணளவில்தான் ஊற்றுவீர்கள். இந்த ஒருமுறை அளந்து, தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

அம்மா பருப்புப்பொடி அனுப்பும்போது உங்கள் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து வைக்கச் சொல்லுங்கள். அடிப்பதற்கு முன் துடைக்க இங்கே என்னென்னவோ துணி விற்கிறார்கள், எல்லாம் நூல் விடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவன்