தரம் 11 குடியுரிமைக் கல்விப் பாடம் குறித்துப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்புக்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

தரம் 11 குடியுரிமைக் கல்வி வகுப்பில் இத்தவணை அதிகாரப் பகிர்வு பற்றிய பாடம் நடைபெறுகிறது. ஒற்றையாட்சி (இறுதி அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கும் முறை), சமஷ்டி (மத்தியும் பிராந்தியங்களும் அதிகாரத்தை அரசியலமைப்பின்படி பகிர்ந்துகொள்ளும் முறை) ஆகிய சொற்களைப் பிள்ளைகளின் கொப்பிகளில் கண்ட பெற்றோர் சிலர், கொழும்பில் இருக்கும் நமக்கு இந்த அரசியல் எதற்கு என்று என்னிடம் கேட்டார்கள். இந்நகரில் தமிழராகிய எம்மவர் நெடுங்காலம் வாயடக்கி வாழப் பழகியவர்கள் என்பதால் அவர்களது அச்சம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆயினும் இப்பாடத்தைச் சுருக்குவதற்கு நான் இணங்கமாட்டேன்.

அரசியலமைப்புக்கு 1983 ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஆறாம் திருத்தம் தடைசெய்வது தனிநாட்டுக் கோரிக்கையையே. பிளவுபடாத நாட்டுக்குள் சமஷ்டியைக் கோருவது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்ட் மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. சமஷ்டி தமிழர் மட்டும் எழுப்பிய கோரிக்கையும் அன்று. 1926 இல், பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அதனை முன்மொழிந்தார். அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டிச் சிங்களத் தலைவர்கள் அதனைக் கேட்டார்கள். சமஷ்டியைக் கோரிய தமிழரசுக் கட்சி தோன்றியது 1949 டிசம்பரில்தான். இவ்வரலாற்றை அறியாமல் எம் பிள்ளைகள் பாடசாலையை விட்டுச் செல்லக்கூடாது.

பாடத்தின் மையமான கேள்வி, கொடுக்கப்பட்ட அதிகாரத்தை யாரால் திரும்ப எடுக்கமுடியும் என்பதாகும். சமஷ்டியில் மத்திய அரசு தன் விருப்பப்படி மட்டும் அதனைப் பறிக்க இயலாது. எமது அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் அதற்குள்ளேயே மாகாண சபைகளை அமைத்து, விடயங்களை மாகாணத்துக்குரியவை, மத்திக்குரியவை, இரண்டுக்கும் பொதுவானவை என மூன்று நிரல்களாகப் பிரித்தது. எனினும் எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கையை வகுக்கும் உரிமை மத்தியிடமே இருக்கிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாண சபைகள் உடன்படாவிட்டாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் பாராளுமன்றம் இவ்வேற்பாட்டையே மாற்றிவிடலாம். இத்திருத்தம் ஒற்றையாட்சியை மீறவில்லை என்ற முடிவுக்கு 1987 இல் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் ஐவரே வந்தனர் என்பதிலிருந்து, கேள்வி எவ்வளவு நுண்மையானது என்பதைப் பிள்ளைகள் உணரலாம்.

எமது பாடசாலையே இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். மாகாணப் பாடசாலையாகிய எம்மை நிருவகிப்பது மாகாணக் கல்வித் திணைக்களம். பாடத்திட்டத்தைத் தயாரிப்பது மத்தியிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். தேசிய பாடசாலைகளோ நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. ஆசிரியர் வெற்றிடம் ஒன்றுக்காக எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத பெற்றோர் வீணாக அலைவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன், மனம் வருந்தியிருக்கிறேன்.

மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில். 2017 இல் தேர்தல் முறை மாற்றப்பட்டது. அதற்காகத் தொகுதிகளின் எல்லைகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. புதிய தேர்தல் நடைபெறாமலேயே 2019 இல் சபையின் காலம் முடிந்தபின் மாகாண நிருவாகம் ஆளுநரின் கைக்குச் சென்றது. மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லாமல் மாகாணக் கல்வி நிருவகிக்கப்படுவதை இயல்பான நிலையாக எம் பிள்ளைகள் எண்ணிப் பழகுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இவ்வாரம் அவர்களுக்கு ஒரு வீட்டு வேலை தரப்படும். ஒழுங்கையின் குப்பையை அகற்றுவது, வாகன வருமான அனுமதிப்பத்திரம் வழங்குவது, தேசிய வைத்தியசாலையை நடத்துவது ஆகியவை முறையே மாநகர சபை, மாகாணம், மத்தி ஆகியவற்றின் பொறுப்புகள். இவைபோல வீட்டில் உள்ளோர் நாடிச் சென்ற அலுவலகங்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றும் எந்த அதிகாரத்தின் கீழ் வருகிறது என்று பிள்ளைகள் எழுதவேண்டும். உங்கள் அனுபவங்களைத் தயங்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். ஒற்றையாட்சியை ஆதரித்தாலும் சமஷ்டியை ஆதரித்தாலும், காரணம் காட்டி எழுதும் பிள்ளைக்கு ஒரே அளவுகோலில்தான் புள்ளி வழங்கப்படும். ஆசிரியர் தம் சொந்தக் கட்சிச் சார்பை வகுப்பறைக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. அவ்வாறு நடந்தால் உடனே எனக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்