தொட்டிலில் பொம்மையைப் போடுங்கள்: தொடர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளின் தொடர் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

மூன்று தோழிகளின் கல்யாணம், வேலை, பிள்ளைப்பேறு என்று போய்க்கொண்டிருக்கும் ஒரு இரவுத் தொடரில் அண்மையில் ஒரு வாரம் முழுக்கப் பெயர் சூட்டு விழா நடந்தது. எந்தத் தொடர் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் பலருடைய தொடரில் இதே தொட்டில்தான் ஆடுகிறது. உள்ளே கிடந்தது கழுத்து நிற்காத குழந்தை. சுற்றிலும் நிஜச் சாம்பிராணிப் புகை, தலைக்கு மேலே விளக்கு, வந்தவர்கள் எல்லாரும் மேக்கப் கையோடு கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள்.

கேட்பது ஒன்றுதான். மூன்று மாதம் நிறையாத குழந்தையைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

இந்தக் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் மாஸ்டர், அதாவது எல்லாரும் தெரிகிற முழுக் காட்சி. அப்புறம் மாமியாருக்கு க்ளோஸ், நாத்தனாருக்கு க்ளோஸ், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிராளியைக் காட்டும் சஜஷன் இரண்டு, வில்லிக்கு மட்டும் மூன்று கோணத்தில் ரியாக்‌ஷன். பத்துப் பேர் நிற்கும் விசேஷ வீட்டுக் காட்சி என்றால் அரை நாள் ஓடிவிடும். அதில் குழந்தையின் முகம் தெரிவது இரண்டு மூன்று ஷாட்டில். மிச்ச நேரமெல்லாம் கேமராவுக்குத் தெரிவது துண்டுச் சுருள்தான். இருந்தாலும் கண்டின்யுட்டி, ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறக் கூடாது, என்று சொல்லி அதே குழந்தையைக் கை மாற்றிக் கை மாற்றி வைத்திருப்பார்கள். நடிக்கும்போதே குரலைப் பதிவுசெய்யும் லைவ் சவுண்ட் என்றால் டேக் போகும்போது ஏசியும் கிடையாது, ஃபேனும் கிடையாது.

அந்தக் குழந்தையின் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா? பச்சைக் குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். கேரவன் முக்கிய நடிகர்களுக்கு. ஷூட்டிங் வீட்டில் ஒரு அறை மேக்கப்புக்கு, ஒன்று காஸ்ட்யூமுக்கு, இன்னொன்றை வீட்டுக்காரர் பூட்டிவைத்திருப்பார். ஏஜென்ட் மூலம் வந்த அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது மாடிப்படி, இல்லாவிட்டால் ஜெனரேட்டர் ஓரம். பிரேக் விட்டால்தான் பால். குடித்துவிட்டுத் தூங்கினால், "முழிச்சிருக்கிற ஷாட் வேணும்மா" என்று எழுப்பச் சொல்வார்கள். முழித்து அழுதால் டேக் கெட்டுவிட்டது என்று மொத்த யூனிட்டும் அவரைத் திரும்பிப் பார்க்கும். அழுகிற ஷாட்டே வேண்டும் என்கிற நாளில் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் மேனேஜரைக் கேளுங்கள். நேராகப் பதில் வராது.

இது வெறும் அசௌகரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கக்குவான் இருமலுக்கு எதிரான தடுப்பூசி ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில்தான் போடப்படுகிறது. அதுவரை, செட்டில் இருமுகிற ஒருவர் போதும். கலிஃபோர்னியாவில் பிறந்து 15 நாள் முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தையை ஒரு நாளில் 20 நிமிடத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, வளாகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கூடவே நர்ஸ் இருக்க வேண்டும். பலத்த வெளிச்சத்தை ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் காட்டக் கூடாது என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே வேடத்துக்கு மாற்றி மாற்றி வைக்க அங்கே இரட்டைக் குழந்தைகளைத் தேடிப்பிடிப்பது இதனால்தான்.

நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதித் திருத்தப்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். படிவம் சி-யில் உறுதிமொழி, பெற்றோர் சம்மதம், ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையே, தாய்ப்பால், தடுப்பூசி விழிப்புணர்வுக்குத் தவிர, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. குழந்தைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்று எபிசோடின் தொடக்கத்தில் ஒரு நொடி ஓடும் பொடி எழுத்து அறிவிப்பு இதற்கெல்லாம் ஈடாகாது.

"சீன் பேப்பரே காலையில்தான் வருது, ஆட்சியரிடம் எப்போ போறது?" என்பீர்கள். நாளைக்கு ஒளிபரப்பாவதை இன்றைக்கு எடுக்கிற அவதி புரிகிறது. ஆனால் வளைகாப்பை மட்டும் இரண்டு வாரம் இழுத்தவர்கள் நீங்கள். பிள்ளை பிறக்கப்போவது ஊருக்கே தெரிந்திருக்கும்போது புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மட்டும் தெரியாமல் போகுமா? உறுதிமொழி ஆறு மாதம் செல்லும். அதற்குள் நீங்கள் "ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு" என்று போட்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவீர்கள்.

செய்முறை கஷ்டமானதல்ல. நல்ல சிலிகோன் பொம்மை ஒன்று வாங்குங்கள். பொம்மை பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம் முகமல்ல, எடை. வெறும் பொம்மையை நடிகை கைப்பை மாதிரித் தூக்கிவிடுவார். துணிக்குள் மூன்று கிலோ அரிசிப் பையை வைத்துத் தைத்தால் கை தானாகத் தலைக்குக் கீழே போகும். ஒரே மாதிரித் துண்டு மூன்று எடுங்கள். மாஸ்டரும் ரியாக்‌ஷன்களும் பொம்மையோடு. முகம், கொட்டாவி, விரல், பாதம் ஆகியவற்றுக்கு மூன்று மாதம் தாண்டிய குழந்தையை, முறையான அனுமதியோடு, அதன் வீட்டிலேயே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கேமராமேனும் ஒரு உதவி இயக்குநரும் மட்டும் போய் எடுக்கட்டும். தூக்கமும் விழிப்புமாக இருபது நிமிடம் எடுத்தால் ஒரு வார எபிசோடுக்குக் கட் பண்ணிப் போடலாம். அழுகையைச் சவுண்ட் எஃபெக்ட்ஸில் சேர்க்கலாம். வில்லி திரும்பும்போது இடி இடிக்க வைப்பவர்களுக்கு இது பெரிய வேலையா? மூன்று நாலு மாதக் குழந்தையை இப்போதுதான் பிறந்தது என்று காட்டினாலும் பார்க்கிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதைவிடப் பெரியதையெல்லாம் தாங்கியவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த மூன்று தோழிகளில் ஒருத்தி வங்கி மேலாளர். பிள்ளை பெற்ற பிறகு வங்கிப் பக்கம் போகவே இல்லை. 26 வார மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கதையில் யாரும் விண்ணப்பிப்பதில்லை, நேராக ராஜினாமாதான். பட்டுப்புடவை கட்டித் தாய்மையைப் பற்றி இரண்டு பக்க வசனம் பேசுகிறாள். அதே நேரம் நிஜத் தாய் மாடிப்படியில். சரி, கதை உங்கள் உரிமை. அதற்குள் நாங்கள் வரவில்லை.

செட்டுக்கு மட்டும் வருகிறோம். மூன்று மாதம் நிறையாத குழந்தை வேண்டாம். அதற்கு மேற்பட்ட குழந்தை வரும் நாளில், பூட்டிய அந்த மூன்றாவது அறையை வாடகையோடு சேர்த்துப் பேசித் திறந்துவையுங்கள்: தாழ்ப்பாள், ஃபேன், ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர். குழந்தை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று கால்ஷீட்டில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த ஷெட்யூலுக்கு பட்ஜெட் போடும்போதே இவற்றைச் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடர்களைப் பார்க்கிறவர்களும் அவற்றில் வேலை செய்கிறவர்களும்