காற்றைக் கேட்டுவிட்டு ரூம் போடு

உச்சிப்புளி,
ஐப்பசி கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பலில் பதில் போடாமல் இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன். இப்போது பரவாயில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் "யாரது?" என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள். நீ குடும்பத்தோடு வரப்போகிறாய் என்று சொன்னேன். "யாரு, தூக்கைத் திருப்பிக் கொடுக்காதவனா?" என்றாள். ஹாஸ்டலுக்கு அம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்குதான். முப்பத்தைந்து வருஷமாகியும் கணக்கு மறக்கவில்லை.

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். உன் சர்க்கரை அளவைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது உன் கேள்விகளுக்கு வருகிறேன். நல்ல ஹோட்டல், நைட் லைஃப், குரூஸ், லோக்கல் ரெஸ்டாரண்ட் என்று நம்பர் போட்டுக் கேட்டிருக்கிறாய். சிங்கப்பூரில் கப்பல் ஏறிவிட்டு வந்தவன் அப்படித்தான் கேட்பான். உன் தங்கச்சியிடம், அதாவது என் வீட்டுக்காரியிடம், படித்துக் காட்டினேன். "நைட் லைஃபா? ராத்திரி ரெண்டு மணிக்கு வலையோட கிளம்புறாங்களே, அதைச் சொல்லுங்க" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னாலும் அது சரிதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். இந்தக் கரைக்கு வருகிறவன் ரூம் போடுவதற்கு முன் காற்றைக் கேட்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கடல். ராமேஸ்வரம் போகும் சாலைக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஒன்று, தெற்கே மன்னார் வளைகுடா ஒன்று. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள். பெயரை வைத்து ஏமாந்துவிடாதே. பெண் கடலுக்கும் கோபம் வரும், அதன் மாசம் வேறு, அவ்வளவுதான். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்காற்று. கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கச்சான், சோழகம் என்று பிரித்துச் சொல்வார்கள், நமக்கு அந்த நுணுக்கம் வேண்டாம். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று வந்தால் அப்படியே தலைகீழ். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டு வடக்கு ஜன்னல் படபடவென்று அடிக்கிறது. அரியமான் கடற்கரையில் போன வாரம் நிற்க முடியவில்லை. அதே நாள் மண்டபத்தில் ரோட்டைத் தாண்டித் தெற்கே போனால் அலையே இல்லை.

நீ மே மாசம் வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுகள் போகும், ஆனால் மீன் குறைவு, விலை கண்ணைக் கட்டும். மே கடைசியில் தனுஷ்கோடியில் மணல் பறந்து முகத்தில் ஊசி மாதிரிக் குத்தும். நுங்கும் பதநீரும் கிடைக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். நான் சொல்வது தை பாதிக்கு மேல், மாசிக்குள். வாடை தணிந்திருக்கும். கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். பனங்கிழங்கு கிடைக்கும். மாசி கடைசியில் வந்தால் ராமநாதபுரத்தைச் சுற்றி களத்தில் குண்டு மிளகாய் சிவப்பாகக் காய்வதையும் பார்க்கலாம். 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து எங்கள் மிளகாய்க்குக் கொஞ்சம் திமிர்.

ஆனால் தை அமாவாசை அன்றைக்கும் அதற்கு முன்பின் இரண்டு நாளும் ராமேஸ்வரம் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, மகா சிவராத்திரிக்கும் இதேதான். ஆயிரம் ரூபாய் ரூம் நாலாயிரமாகிவிடும், அதுவும் வாசலில் நின்று பேரம் பேசி.

தங்குவது பற்றி. கோயிலைச் சுற்றி லாட்ஜுக்குக் குறைவே இல்லை. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு கடலை ஒட்டியே இருக்கிறது. பகட்டு இல்லை, காற்று வரும். எங்கே போட்டாலும் சாவி வாங்குமுன் ஒரு காரியம் செய். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் வாயில் வைத்துப் பார். எங்கள் மச்சான் குடும்பத்துக்கு நானே ஒரு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பளபளவென்று டைல்ஸ், பெரிய டிவி. தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை, என் தங்கச்சி மகள் தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருஷம் கழித்தும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தத் தலைமுடிக் கதைதான். அப்புறம், 24 மணி நேரக் கணக்கா, மத்தியானம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள். சண்டையெல்லாம் அங்கேதான் வரும்.

என்னைக் கேட்டால் ஒரு ராத்திரி ராமேஸ்வரம், மீதி இரண்டு ராத்திரி எங்கள் வீட்டு மாடி. ஒரு ராத்திரி அங்கே எதற்கென்றால், விடியற்காலை ஐந்து மணிவாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம் இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடலாம். உன் வீட்டுக்காரியிடம் மாற்றுத் துணி எடுத்துவரச் சொல், ஈரத் துணியோடு சாமி பார்க்க விட மாட்டார்கள். வெயில் ஏறினால் பிரகாரத்துக்கு வெளியே கல் சுடும், உன் சர்க்கரைக் காலுக்கு ஆகாது.

ரயிலில் வா. போட் மெயிலிலேயே வா. இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறி இலங்கையில் இருக்கும் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றது. கப்பல் போய் நாற்பது வருஷமாகியும் ரயிலை போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள். நடுவில் 72 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். 1914ல் கட்டிய பழைய பாலம் கப்பலுக்கு இரண்டு கை விரித்து வழிவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வருஷம் படிக்கும்போது வாசல்படியில் உட்கார்ந்து அதைக் கடந்தோமே, நீ பயந்து என் சட்டையைப் பிடித்துக் கிழித்தாயே, அந்தப் பாலம்தான்.

சரி, சாப்பாடு. ராமேஸ்வரம் கோயில் பக்கம் மீன் தேடாதே. அங்கே வடநாட்டு யாத்ரிகர்களுக்கான சப்பாத்திக் கடைகளும் இட்லி தோசையும்தான். மீனுக்குப் பாம்பன், மண்டபம். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மறுநாள் காலை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டால் நேற்றைய மீன் தட்டில் விழாது. இலங்கைக் கடற்படை படகு பிடித்துப் போய் இங்கே ஸ்டிரைக் நடந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அப்போது நாட்டுப் படகு மீன்தான், அளவு குறைவு, ருசி அதிகம். இன்னொன்று, நீங்கள் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா, நெய்மீன் என்பார்கள். பெயர் தெரியாமல் முழித்தால் விலை ஏறும். வஞ்சிரம் வஞ்சிரம் என்று அலையவும் வேண்டாம். விளைமீன், பாறை, முரல் கேள். நண்டு என்றால் நீலக்கால் நண்டு.

தனுஷ்கோடியில் ஓலைக் கொட்டகைகளில் பெண்கள் மீன் பொரித்துத் தருவார்கள். பலகையில் மசாலா தடவி அடுக்கியிருக்கும். அந்த மசாலா மீனை வாங்காதே. தடவாத மீனைக் காட்டச் சொல். செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும். விலையை எண்ணெயில் போடுவதற்கு முன் பேசு, போட்ட பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை. போன தையில் ஒரு அக்கா கொட்டகையில் கணவாய் வாங்கினேன். கீறி, மிளகாயும் உப்பும் மட்டும் பூசி, இரும்புச் சட்டியில் புரட்டிய மாத்திரத்தில் எடுத்துவிட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டுமேக்கா" என்றேன். "கிடந்தா ரப்பராயிரும் தம்பி, நீங்க சாப்பிடுறீங்களா, செருப்புத் தைக்கிறீங்களா?" என்றார். வாயில் போட்டதும் கரைந்தது. அன்றிலிருந்து உன் தங்கச்சி சமைக்கும் கணவாயை நான் குறை சொல்ல, வீட்டில் தனிச் சண்டை.

ஒரு மத்தியானம் கீழக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். என் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். குழம்பை அவர்கள் ஆணம் என்பார்கள். தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணத்தை இடியாப்பத்தோடு ஒரு தடவை சாப்பிட்டுவிட்டால் உன் சிங்கப்பூர் பஃபேயை மறந்துவிடுவாய். பிறகு தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுவது. எங்கோ பஸ் ஸ்டாண்ட் கடையில் கீழக்கரைத் தொதல் என்று வாங்கி ஒரு தடவை ஏமாந்தேன், சீனிப் பாகில் செய்த கல். நல்ல தொதல் கறுப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும், சுற்றிய தாளில் தேங்காயெண்ணெய் இறங்கியிருக்கும். உனக்கு ஒரே ஒரு துண்டுதான், உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவேன். திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் பால் பாயசத்துக்கும் அதே சட்டம்.

குரூஸ் விஷயம். பெரிய கப்பல் எதுவும் இல்லை. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குப் போகும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. 1897ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது அந்தக் குந்துகாலில்தான். தொண்டி பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், சத்தமே இருக்காது, உன் மகளுக்குப் பிடிக்கும். இரண்டுக்கும் காலையில் போய்விட வேண்டும். காற்று ஏறினால் படகை எடுக்க மாட்டார்கள். எடுக்கச் சொல்லி நீயும் கெஞ்சாதே. நான் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு தடவை விசைப்படகில் போனேன். மாசி மாசம், கடல் அமைதி என்றுதான் சொன்னார்கள். பாதி வழியில் படகு சாய்ந்து சாய்ந்து எழுந்தது. பிறந்ததிலிருந்து கடற்கரையில் இருக்கிறேன் என்ற பெருமையெல்லாம் வாந்தியாகப் போனது. பக்கத்தில் ஒரு பாட்டி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே எலுமிச்சம்பழம் ஒன்றை என் மூக்கில் தேய்த்துவிட்டார். நீயும் இரண்டு பழம் பையில் போட்டுக்கொள்.

கடைசியாக உன் நைட் லைஃப். தனுஷ்கோடிக்கு இருட்டிய பிறகு உள்ளே விட மாட்டார்கள், ஆகவே அரிச்சல்முனையைச் சாயங்காலத்துக்குள் பார்த்துவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் எங்கள் ஊரில் நாய் மட்டும்தான் விழித்திருக்கும். நீ ஒன்பது மணிக்கே படுத்துவிடு. மூன்றரைக்கு எழுப்புவேன். பாம்பன் கரைக்குப் போவோம். தெற்கே மீன்பிடி விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு நெருங்கிவரும். படகு தட்டியதும் கூடை இறங்கும், மணலில் கூறு போடுவார்கள், ஏலம் விடுகிறவர் குரல் கடல் இரைச்சலுக்கு மேல் கேட்கும். ஒரு கூறு நாம் எடுப்போம். விரலைத் தூக்காதே, தலையையும் சொறியாதே. போன வருஷம் என் சகலை தலையைச் சொறிந்து, நாற்பது கிலோ சூடை மீனுக்குச் சொந்தக்காரர் ஆனார். தெருவுக்கே கொடுத்தும் தீராமல் கருவாடு போட்டோம்.

தேதியை முடிவு செய்ததும் எழுது. அந்த வாரக் காற்று எப்படி என்று விசாரித்து, வா என்றோ வராதே என்றோ சொல்கிறேன். வரும்போது தூக்கைக் கொண்டு வா. தொலைந்துபோயிருந்தால் அதே அளவில் புதிது ஒன்று வாங்கி, புளி போட்டுத் தேய்த்துக் கொஞ்சம் பழசாக்கிக் கொண்டு வா. அம்மாவுக்கு வலது கண் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

உன்,
14ஆம் நம்பர் அறைக்காரன்