அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்துகொண்டிருந்தேன். நாலு மாதமாக இருமல், ஆறு படி ஏறினால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறாள். முதலில் பார்த்த டாக்டர் "புகைபிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார், இல்லை என்றதும் வயசானால் அப்படித்தான் என்று இருமல் மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாவதாகப் பார்த்தவர்தான் "எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தீர்கள்?" என்று கேட்டார்.

35 வருஷம்.

ஸ்பைரோமெட்ரி என்று ஒரு பரிசோதனை செய்தார்கள். மூச்சை முழுசாக இழுத்து, ஒரு குழாயில் ஒரே மூச்சாகக் குறைந்தது ஆறு விநாடியாவது ஊத வேண்டும். ஊதுங்க, ஊதுங்க என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அம்மா மூன்றாவது விநாடியிலேயே இருமிக் குனிந்துவிட்டாள். ஈர விறகைக் கண்ணில் நீர் வழிய ஊதுகுழல் வைத்து ஊதி ஊதிப் பற்றவைத்தவள் அவள். ஊதுகிற மூச்சில் 70 சதவீதமாவது முதல் விநாடியிலேயே வந்துவிட வேண்டுமாம், இன்ஹேலர் கொடுத்த பிறகும் அம்மாவுக்கு வரவில்லை. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொள்கிற நோய். போனது திரும்பாது, ஆனால் புகையை நிறுத்தினால் மேலும் கெடுவது மெதுவாகும் என்றார். எங்கள் வீட்டில் கேஸ் வந்து எத்தனையோ காலம் ஆகிறது, ஆனாலும் வெந்நீர் வைக்க மட்டும் விறகை விடவில்லை. இப்போது அதையும் நிறுத்திவிட்டோம்.

காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகு எரித்தால், புகையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி, ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவைப் போல 100 மடங்கு வரை போகும். 2020-ல் மட்டும் வீட்டுப் புகையால் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, அதில் ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளே 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். அடுப்பங்கரையில் அம்மா இடுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்தானே அவர்கள்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆலை வந்ததிலிருந்து ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணி கறுப்பாகிறது, பையன் ராத்திரியெல்லாம் இருமுகிறான், வீட்டில் எல்லாரும் சளி என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். துணியில் ஒட்டுவது பெரிய தூசி, அது மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் நின்றுவிடும். நான் பயப்படுவது துணியில் தெரியாததற்கு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருக்கும் அந்த நுண்தூசி நுரையீரலின் காற்றறைகள் வரைக்கும் இறங்கிவிடும்.

அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு எஃகு ஆலை 1986 ஆகஸ்டிலிருந்து 13 மாதம் மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மருத்துவமனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக் கோளாறால் சேர்க்கப்பட்ட குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. அதே ஊர், அதே குளிர், ஆலை மட்டும்தான் இல்லை. இதைப் படித்தபோது உன் பையன் ஞாபகம்தான் வந்தது.

அதனால் சளி என்று விட்டுவிடாதே, அவனையும் அந்தக் குழாயில் ஊத வைத்துப் பார். அவன் எந்த ராத்திரிகளில் இருமுகிறான், அன்று புகை எந்தப் பக்கம் அடித்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை, டாக்டரிடம் காட்டலாம், நாளைக்குப் புகார் கொடுக்கவும் உதவும். அப்புறம், நீ சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆலைப்புகை உள்ளே அடிக்கிற நேரத்தில் மட்டும் மூடு, அந்த நேரத்தில் அடுப்பும் வேண்டாம்.

ஊதிப் பார்த்ததும் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
உன் தோழி