அமத்து, பிடி, விடு

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் சிவப்பு மியாட்டாவின் பிறேக் வேலை நேற்றுப் பின்னேரத்தோடு முடிந்தது. போனில் சொன்னால் "சரியப்பா, சரியப்பா" என்றுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாய். அதுதான் எழுதுகிறேன். மே மாதம் கல்கரியில் இருந்து வந்து காரை எடுக்கும் முன் இதை ஒருக்கா முழுசாக வாசி.

போன வருடம் பிறேக் அமத்தினால் கார் வலது பக்கம் இழுக்குது என்று ஒரு கடையில் காட்டினாய். நாலு சில்லிலும் பிறேக்கைப் பிடிக்கிற கவ்வியை, அதுதான் கலிப்பரை, மாற்ற வேண்டும், இந்தப் பழைய காருக்கு அவ்வளவு செலவழிப்பதை விட விற்றுவிடலாம் என்றார்கள். நீயும் அரை மனதோடு விற்கத்தான் நினைத்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. கராஜுக்குள் விட்டு மூடி வைத்தேன். 1995இல் ஹிரோஷிமாவில் செய்த கார். ரொறன்ரோ றோட்டு உப்பிலே இவ்வளவு காலம் தாக்குப் பிடித்ததே பெரிய காரியம்.

சில்லுகளைக் கழற்றிப் பார்த்தால் மூன்று கலிப்பரில் ஒரு பிழையும் இல்லை. முன் இடது பக்கம்தான் குழப்படி. சில்லோடு சுழலுகிற தட்டுத்தான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்துகிற கட்டைதான் பேட். அங்கே உள்பக்க பேட் தேய்ந்து இரண்டு மில்லிமீற்றர்தான் மிச்சம். வெளிப்பக்க பேட் புதுசு மாதிரி இருந்தது. பார்த்த உடனே விளங்கிவிட்டது. உன் காரில் கலிப்பருக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள் பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் சறுக்கி வந்து வெளி பேட்டை இழுத்து டிஸ்க்கில் அழுத்த வேண்டும். அது சறுக்குகிற உருளைக் கம்பி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஆகவே இடது சில்லு அரைகுறையாகப் பிடிக்க, வலது சில்லு ஒழுங்காகப் பிடிக்க, கார் வலது பக்கம் போகாமல் வேறெங்கே போகும்? கம்பியைத் துரு போகத் தேய்த்து, சிலிக்கோன் கிறீஸ் பூசி, புது இறப்பர் உறை போட்டேன். கலிப்பரை ஒரு விரலால் தள்ள, வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கடைக்காரர் கம்பியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

தூசியை ஈரப்படுத்தித்தான் துடைத்தேன், கவலைப்படாதே. யாழ்ப்பாணத்துக் கராஜில் நாங்கள் பிறேக் டிரம்முக்குள் இருக்கிற தூசியை வாயால் ஊதுவோம். அந்தக் காலத்து லைனிங்கில் இருந்தது அஸ்பெஸ்டஸ். கனடாவிலேயே 2018 கடைசியில்தான் அதற்குச் சட்டத்தால் தடை வந்தது. எங்களுக்கு அப்போது யார் சொன்னது?

பின் சில்லில் அரை நாள் போனது. பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு வழமை போல் ஜி-கிளாம்ப் போட்டு இறுக்கினேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் உடைத்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது, ஹாண்ட் பிறேக் அதே கலிப்பருக்குள்ளே இருக்கிறது. பிஸ்டன் ஒரு திருகாணியில் நிற்கிறது. கலிப்பரின் முதுகில் 14ஆம் நம்பர் சாவி போகிற ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீற்றர் அலன் கீ போகிற துளை. இடம்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். புது பேட் போட்ட பிறகு, டிஸ்க்கைத் தொடும் வரை வலம்சுழியாகத் திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னுக்கு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டினால் ஹாண்ட் பிறேக் பிடிக்கவே பிடிக்காது. ஒரு நாள் நீயே கழற்றுவாய் என்பதால்தான் இவ்வளவு விளக்கம்.

இனி ஒயில் கதை. பிறேக் ஒயில் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. அந்தப் பெயரால் நான் ஒருமுறை நல்லாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். போரால் பொருளாதாரத் தடை இருந்த 90களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் துளித்துளியாகத்தான். ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில்தான் மொறிஸ் மைனர் எல்லாம் ஓடியது. கராஜில் எதைக் கழுவுவதும் மண்ணெண்ணெயில். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். பெடலை அமத்த ஒயிலைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர் மொறிஸில் சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கும். மண்ணும் சேறுமாய் வரும். பளிச்சென்று இருக்கட்டும் என்று உள் இறப்பர்களையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிப் பூட்டிவிட்டேன். கார் சாவகச்சேரி தாண்டவில்லை. இறப்பர் ஊதி, ஒயில் திரும்பி வருகிற சின்னத் துளையை அடைத்துவிட்டது. அமத்தின பிறேக் விடுபடாமல் நாலு டிரம்மும் புகைந்தன. முதலாளி ஏசவில்லை. ஊதின இறப்பரையும் புது இறப்பரையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருக்கலாம்.

ஆகவே உன் காருக்கு டொட் 3 என்ற வகை பிறேக் ஒயில் தவிர வேறொன்றும் விடாதே. அவசரத்துக்கு டொட் 4 பரவாயில்லை. டொட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கோன், அதைக் கிட்டவும் எடுக்காதே. டொட் 3 காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 140 அளவில் கொதிக்கும். மலை இறக்கத்தில் அப்படிக் கொதித்தால் பெடல் தரை வரை போகும். நீயோ றொக்கி மலைப் பக்கம் கொண்டுபோகப் போகிறேன் என்கிறாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. உன் காரில் இருந்து வந்த ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது.

பிறேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். கொறோலா காலத்தில் அது உன் வேலை. ஒன்பது வயது, கால் எட்டாது. முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து, நான் காருக்குக் கீழே இருந்து "அமத்து, பிடி, விடு" என்று கத்த, நீ இரண்டு காலாலும் மிதிப்பாய். இந்த முறை அம்மா. பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்று ஒழுங்கு. முதல் சில்லிலேயே, நான் காற்று விடுகிற திருகை இறுக்க முன் அவ பெடலை விட்டுவிட்டா. குழாய்க்குள் இருந்த ஒயில் காற்றோடு உள்ளே ஏறிவிட்டது. "அமத்து என்றீங்கள், அமத்தினேன், பிடி என்று கேட்கவில்லை" என்கிறா. அடுப்பில் வேறு ஏதோ இருந்ததாம். திரும்பவும் தொடங்கினோம். கடைசியில் குமிழி இல்லாமல் ஒயில் தெளிவாக வந்தது. பெடல் இப்போது கல்லு மாதிரி நிற்கிறது.

புது பேட்டைப் பதப்படுத்தும் வேலையை உனக்கு விட்டிருக்கிறேன். ஞாயிறு விடிய, வாகனம் இல்லாத றோட்டில், 60இல் இருந்து 15 வரை குறை. எட்டுப் பத்துத் தரம் செய். சூட்டோடு முழுதாக நிற்பாட்டாதே, ஹாண்ட் பிறேக்கும் இழுக்காதே. 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கு. முன் இடது பக்கத்தில் இருந்த அந்த இரண்டு பேட்டையும் மைலோ ரின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன், வந்து பார்.

நீ ஓட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்தேன். இப்போது அம்மாவும் வரப்போகிறாவாம். இரண்டு சீட் கார் என்று சொல்லிப் பார்த்தேன். "பிறேக் அமத்தினது ஆர்?" என்று கேட்கிறா.

அப்பா